இலவசக் கட்டிலில் பட்டினி

ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கிடைத்த ஊரில் கிடைத்த வேலையைச் செய்து திரிந்துகொண்டிருந்தேன். ஆயக்குடியில் கொய்யா பறித்து முடித்துவிட்டுத் திண்டுக்கல் வந்தவன், காய்ச்சல் முற்றி சந்தை வாசலிலேயே விழுந்துவிட்டேன். யாரோ குதிரை வண்டியில் தூக்கிப் போட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

கண் விழித்தபோது கட்டிலில் கிடந்தேன். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். யாரும் காசு கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. வார்டு ஆயாவிடம் கேட்டேன்.

"சர்க்கார் குடுக்குது. பேசாமப் படு."

"சர்க்காருக்கு என்னைய எப்பிடித் தெரியும்?"

"தெரிஞ்சா குடுக்குமா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஆனால் எனக்குக் கிடைத்தது பாலும் பார்லித் தண்ணியும்தான். பக்கத்துக் கட்டில்களுக்குச் சோறும் குழம்பும் வந்தன. கேட்டால், "ஒனக்கு டைபாய்டு, சோறு ஆகாது" என்றார்கள். நான் நம்பவில்லை. அவர்களைப் பார்க்க ஆள் வருகிறது, எனக்கு ஏனென்று கேட்க நாதியில்லை, அதனால்தான் தண்ணியை ஊற்றி ஏய்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

காய்ச்சல் விட்ட ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு நழுவினேன். தெருமுனையில் ஒரு பாய் கடை. பிரியாணி வாசனை ஆளை இழுத்தது. மடியிலிருந்த கூலிக் காசை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கடைக்கார பாய் காசைப் பார்க்கவில்லை. போர்வை ஓரத்தில் இருந்த ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்தார்.

"என்னப்பு சீக்கு?"

சொன்னேன்.

"எந்திரிலே."

"காசு இருக்கு பாய்."

"காசு இருக்குறது ஒங் குடலுக்குத் தெரியுமாக்கும்? அது புண்ணாக் கெடக்கு. இம்புட்டுச் சோறு போனாப் போதும், ஓட்டை விழுந்துரும். என் தம்பி இப்பிடித்தான், காச்சல் விட்டுருச்சுன்னு தின்னான். மௌத்தாயிட்டான். இந்தக் கையாலதான் மண்ணு போட்டேன்."

மேசையிலிருந்த காசை எடுத்து மடியில் முடிந்துகொண்டேன். அவர் கல்லாவை அப்படியே போட்டுவிட்டு, என் தோளைப் பிடித்து ஆஸ்பத்திரி வரை நடத்திக்கொண்டு வந்தார். வழியெல்லாம் திட்டு. வாசலில் நின்ற ஆயா, "போர்வைய வித்துட்டு ஊருக்கு ஓடிட்டியோன்னு பாத்தேன்" என்றார். மறுபடியும் பார்லித் தண்ணி.

பிழைத்துவிட்டேன். வேலைக்குக் கூலி, காசுக்குச் சோறு என்பதைத் தவிர வேறொன்றும் அறியாதவன் நான். அந்த ஆஸ்பத்திரியிலும் அது செல்லவில்லை, அந்தக் கடையிலும் செல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். இவன் உயிரோடு இருந்தால் போதும் என்று யாராவது ஏதாவது செய்ய வரும்போது, நன்றி சொல்வதா சந்தேகப்படுவதா என்று இன்றைக்கும் செத்த நேரம் தடுமாறிவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன்.