அன்று அடித்தது சாவுத் தப்பு இல்லை

பிள்ளைகளா, உங்கள் அத்தை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது முட்டாள்தனம் என்று பாடசாலையில் யாரோ சொன்னதாக நேற்று அழுதுகொண்டு வந்தீர்கள். வாயால் பதில் சொல்லப் போனால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதித் தருகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

டயகமப் பக்கம் மலையில் இருந்த நம் இடம், நான் பிறந்தபோது ஒரு தேயிலைத் தோட்டத்தின் கடைசிப் பிரிவு. கோயில் பாறைக்குப் பக்கத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள், அது மேல் லயம். பள்ளத்தில் கீழ் லயம். மேல் லயத்தின் கோடிக் காம்பராவில்தான் தப்புப் பறை அடிக்கிற பெரியவர் அப்போதும் இருந்தார். விடிவதற்கு முன்னே வெளியே வந்து அடிப்பார். அதற்குப் பெரட்டுத் தப்பு என்று பெயர். எல்லோரும் ஓடிப்போய் வரிசையில் நின்று வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். பிந்திப் போனால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார், அன்றைக்கு வேலை இல்லை. படபடவென்று நிற்காமல் விழுகிற அடி அது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அது கேட்டதும் என் அம்மா என் தலைக்கடியில் இருந்து கையை உருவிக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

பிறகு அந்தப் பிரிவு லாபமில்லை என்று தோட்டத்தில் கைவிட்டார்கள். தேயிலை மரமாக வளர்ந்து காடாகிப் போனது. பிடுங்கிவிட்டு லீக்ஸ், கரட், கோவா என்று போட்டோம். தேயிலைக் காலத்தில் மழைத் தண்ணீரை ஓரமாகக் கொண்டுபோக மலைக்குக் குறுக்கே கான் வெட்டியிருந்தார்கள். இன்னும் ஒரு பாத்தி கிடைக்குமே என்று அவற்றை மண் போட்டு மூடினோம். தண்ணீர் தேங்கினால் லீக்ஸ் அழுகும் என்று பாத்திகளை மேலிருந்து கீழாக நேரே இழுத்தோம். யார் முதலில் கானை மூடியது என்று இப்போது சண்டை போடுகிறார்கள். மூடாதவர் ஒருவரும் இல்லை.

தேயிலை போனதோடு பெரட்டும் போனது. மாசியில் காமன் கூத்துக்கு அடிப்பது போக, தப்புச் சத்தம் கேட்டால் சாவு என்றுதான் அர்த்தம். மற்ற நாளில் சாவு விழுந்தால் ஒழிய அந்தப் பெரியவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. உங்கள் அத்தை எனக்கு வெகுநாள் கழித்துப் பிறந்தவள். பெரட்டுத் தப்பை அவள் காதால் கேட்டதே இல்லை. நீங்களும் அப்படித்தான்.

நாள்கணக்காக விடாமல் பெய்த அந்த மழையில் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. அத்தை கீழ் லயத்தில் வாழ்க்கைப்பட்டவள் அல்லவா. பிள்ளை பெற்ற பச்சை உடம்பு. பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. மாமா கொழும்பில் கடையில் வேலை.

காலையில் பெரியவர் தன் பாத்தியைப் பார்க்கப் போயிருக்கிறார். கீழ் லயத்துக்கு நேர் மேலே, ஒரு கால் உள்ளே போகிற அளவுக்கு மண் வெடித்துக் கிடந்தது. ஓடிப்போய்ச் சொல்ல அவருக்குக் காலும் இல்லை, குரலும் இல்லை. காம்பராவுக்கு வந்து தப்பை அடுப்பில் காய்ச்சி எடுத்துக்கொண்டு வாசலில் நின்று அடிக்க ஆரம்பித்தார். அவர் அடித்தது பெரட்டுத் தப்பு. ஆட்களை வெளியே கொண்டுவர அவருக்குத் தெரிந்த அடி அது ஒன்றுதான் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஈரத்தில் தோல் தொய்ந்து தொப்புத் தொப்பென்று கேட்டது. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் கீழ் லயத்துக்கு அதுவும் பாதிதான் போயிருக்கும். மேல் லயத்திலேயே இருந்த எனக்கே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிடிபட்டபோது, தேயிலையே இல்லாத இடத்தில் இந்த மனுஷன் யாரைப் பெரட்டுக்குக் கூப்பிடுகிறார் என்று கேட்கப் போனேன். அதற்குள் கீழ் லயத்து ஆட்கள் குடையும் சாக்குமாக ஏறி வந்துவிட்டார்கள். எல்லோர் முகமும் சாவு வீட்டுக்கு வந்த முகம். யார் போய்விட்டார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் கரட் லொறி ஓட்டுகிற ஆள் சொன்னார்:

“அழுகிப்போன லீக்ஸுக்குக் கேதம் சொல்றாரு போல.”

இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரியவர் அடிப்பதை நிறுத்தாமலே கேட்டார்:

“மேல மண்ணு வெடிச்சிருச்சுங்க. கீழ யாரும் இருக்காங்களா?”

நான் கூட்டத்தில் தேடினேன். அத்தையின் பக்கத்துக் காம்பரா அக்கா நின்றாள். என் தங்கச்சி எங்கே என்று கேட்டேன்.

“வரும்போது கதவத் தட்டினேங்க. ‘பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு சாவுக்கு எப்படிக்கா வர்றது, கதவச் சாத்திக்கிறேன். யாருன்னு பாத்துட்டு, குளிச்சிட்டு வந்து சொல்லுங்க’ன்னுச்சு.”

பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் சாவுத் தப்பு கேட்டால் கதவைச் சாத்தி, சாம்பிராணி போட்டு, உள்ளேயே இருப்பதுதான் நம் வழக்கம். நீங்கள் பிறந்தபோது உங்கள் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். நானே எழுந்துபோய்த் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். பிள்ளையைக் காப்பாற்றத்தான் அத்தை கதவைச் சாத்தினாள். இதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நான் ஓடினேன். பாதை வளைகிற கோயில் முடக்கைக்கூடத் தாண்டவில்லை. லொறியில் இருந்து கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். எதிரே லயத்துக் கூரை தெரிகிற இடத்தில் கூரை தெரியவில்லை.

உள்ளே இருந்தது அத்தையும் பிள்ளையும் மட்டும்தான். மற்ற எல்லோரும் சாவு கேட்க மேலே வந்திருந்தார்கள். தப்பாகக் கேட்டதால்தான் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அதே தப்பாகக் கேட்டதால்தான் அத்தை இல்லை. எத்தனை தரம் யோசித்தாலும் எனக்கு இதற்கு மேல் போகவில்லை.

கொழும்பில் இருந்து வந்த மாமா ஒன்றுதான் கேட்டார். “கதவு சாத்தியிருந்துச்சா மச்சான்?” ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. எல்லோரையும் தங்க வைத்திருந்த பாடசாலை மண்டபத்தில் ஒரு ஆள், “தப்பு அடிச்சதே தப்பு” என்று பெரியவர் காதில் விழும்படி சொன்னார். அடுத்த சாவுக்குப் பெரியவரைக் கூப்பிடப் போனபோது, தப்பைக் கொளுத்திவிட்டேன் என்று சொல்லி அனுப்பினார்.

இப்போது அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று பலகை நட்டிருக்கிறார்கள். ஆனாலும் பகலில் போய் மிஞ்சிய பாத்திகளில் லீக்ஸ் பிடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு என்ன செய்வார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் கடைக்கு என்று சொல்லிவிட்டு அங்கேதான் போனேன். மண்ணைத் தோண்டியவர்கள் எடுத்துப் போட்டவை ஓரமாகக் கிடந்தன. தகரம், பலகை, ஒரு கதவு. நிலையோடு சேர்ந்து அப்படியே வந்து, பலகைக் குவியலில் சாய்ந்து நின்றது. போன தீபாவளிக்கு நானும் மாமாவும் அடித்த நீல நிறப் பெயின்ட். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

யாரும் பக்கத்தில் இல்லை. மண்ணை விரலால் சுரண்டி எடுத்தேன். துரு பிடித்து இறுகியிருந்தது. ஒரு கல்லை எடுத்து மெதுவாகத் தட்டித் தட்டித் தாழ்ப்பாளை இழுத்தேன். கதவைத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அந்தக் கல்லையே அண்டை கொடுத்து வைத்துவிட்டு வந்தேன்.