ராஜாவைத் தூக்காத நைனா

எனக்கு எழுத்து சரியாக வராது. அஞ்சாவதோடு நின்றவள், மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ராயபுரத்தில். அப்பாவை நைனா என்போம், துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கிறிஸ்து ராஜா திருநாளில் சப்பரத்தின் முன்தண்டு அவர் தோளுக்குத்தான். தூக்குகிற பன்னிரண்டு பேருக்கும் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தலைவர்.

அந்த வருஷம் எங்கள் சந்தில் வாந்திபேதி. அம்மா பிரசவத்துக்குத் திருவொற்றியூர் போயிருந்தாள். திருநாளன்று காலைப் பூசையில் சாமியார், நம் ராஜா உட்கார்ந்து வேலை வாங்குகிறவர் இல்லை, குனிந்து காலைக் கழுவுகிறவர் என்றார். நான் ராஜா சுரூபத்தின் தலையில் இருந்த ஜிகினாக் கிரீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நான் வெள்ளை கவுன் போட்டுப் பூத்தூவும் பிள்ளை.

மத்தியானம் கடைசி வீட்டுக் கிழவி அதே நோயில் செத்தாள். மீன் வெட்டிப் பிழைத்தவள், நாதி கிடையாது. கார்ப்பரேஷன் வண்டிக்காரன் ஒண்டியாக நின்றான். கூடப் பிடிக்க யாரும் வரவில்லை, கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள்.

"பாப்பா, மாமாகிட்ட சொல்லு. கெயவியத் தூக்க ஆளு இல்ல, நான் கல்லறைக்குப் போறேன். என் எடத்துல வேற ஆளப் போட்டுக்கச் சொல்லு" என்றார் நைனா.

கோயில் வாசலில் பிள்ளைகள் பூக்கூடையோடு வரிசையில் நின்றார்கள். வாந்திபேதிப் பிணத்தைத் தொட்ட வீடு என்று தெரிந்தால் என்னை வரிசையை விட்டு இழுத்துவிடுவார்கள். மாமா, "எங்கடி உங்க நைனா?" என்றார்.

"குடிச்சிட்டுத் தூங்குறாரு."

எங்கள் சந்தில் தினம் ஒரு வீட்டில் சொல்கிற பதில்தான். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். சப்பரம் தூக்குகிறவர்கள் ஒன்பது நாள் குடியைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

சப்பரம் திரும்பும்போது நைனா வந்தார். கடலில் முழுகி எழுந்து, கண் சிவந்து, களைப்பில் கால் தள்ளாடி வந்தார்.

"இன்னா மச்சான், ஒம்போது நாளு பொறுக்க முடில உனக்கு? இந்தத் தோளா ராஜாவத் தூக்குறது? இனிமே தண்டுல கை வெச்சே, பார்த்துக்க!"

நைனா என்னைப் பார்த்தார். என் கையில் காலிப் பூக்கூடை.

"தப்புதான் மச்சான்" என்றார். அப்புறம் சாகும்வரை சப்பரத்துக்குக் கடைசியில்தான் நடந்தார். தூக்குகிறவன் செத்தால் மற்ற பதினொரு பேரும் வந்து பெட்டியைத் தூக்குவது வழக்கம். நைனாவுக்கு ஒருவரும் வரவில்லை. நான் அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

அந்தத் திருநாள் சாயங்காலம் நான் நினைத்தது இதுதான்: நைனா மாமாவுக்குப் பயந்துவிட்டார், எங்க நைனா கோழை.

கிழவியின் பேர் எனக்குத் தெரியாது. கோயில் அடக்கப் புத்தகத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். எந்த வருஷம் என்பதையும் சரிபாருங்கள். கிழவியைத் தூக்கினவர் யார் என்று அதில் எழுதமாட்டார்கள், அதை மட்டும் நான் சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள்.