பிளக்ஸில் போட்ட பிள்ளை

ஐந்து வருடமாகக் கொல்லிமலையில் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். பெற்றவர்களால் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை விடுதியில் விடாமல், இன்னொரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்பதுதான் என் பேச்சு. வளர்ப்புப் பராமரிப்பு என்று அதற்குப் பெயர். தத்து கிடையாது. பெற்றவள் தேறிவிட்டால் பிள்ளை திரும்பிப் போய்விடும். இந்தத் திரும்பிப் போகிற இடம் வந்ததும் பாதிக் கூட்டம் எழுந்துவிடும்.

"வளத்துக் குடுத்துப்போட்டு நாங்க வெறுங்கையோட நிக்கோணுங்களா?" என்று பைல் நாடு என்கிற மலைக்கிராமத்தில் ஒருவர் கேட்டார். அவரை உட்காரவைத்து அரைமணி நேரம் பதில் சொன்னேன். பேசுவதில் எனக்குச் சலிப்பே வராது. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று என் அம்மா சொன்னதை நான் ஒரு பட்டம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஊர் சேந்தமங்கலம், வேலை குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில். மலைமேல் எல்லோருக்கும் நான் டீச்சர். ஒரு நாளும் நான் பாடம் நடத்தியதில்லை. பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண்ணை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

இத்தனை பேச்சுக்கும் மலைமேல் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு குடும்பம். பைல் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிற புருஷன் பெண்சாதி. இரண்டு மகன்களும் வளர்ந்து திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களிடம் பதினோரு வயதுப் பெண் பிள்ளை ஒன்றைக் கொண்டுபோய் விட்டேன். அடிவாரத்துப் பிள்ளை. அப்பன் எங்கே போனான் என்று தெரியாது. அம்மா மனநோய்க்கு மருத்துவமனையில் சேர்ந்திருந்தாள். முதல் மாதம் பிள்ளை வாயே திறக்கவில்லை. மூன்றாம் மாதம் நான் போனபோது பலாச்சுளையை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்தாள்.

அன்றைக்கு அந்த வீட்டு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க டீச்சர், புள்ள பள்ளிக்கோடத்துல என்னையப் பெரியம்மான்னு சொல்லி வெச்சிருக்குதுங்க. என்ற தங்கச்சி மவளாம். நாங்களும் ஆமான்னு சொல்லீட்டோமுங்க. தப்புங்களா?"

"தப்பே இல்லீங்க" என்றேன். அப்படிச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால்தான் இதை எழுதக் கூசுகிறது.

அந்த வருடம் மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் சந்தை நாளன்று விழிப்புணர்வு முகாம் வைப்பதென்று முடிவானது. வெறும் பேச்சுக்கு யாரும் நிற்க மாட்டார்கள், ஒரு முகம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நம் ஊர்ப்பக்கம் காதுகுத்துக்கும் பிளக்ஸ், கட்சிக்காரர் பிறந்தநாளுக்கும் பிளக்ஸ், செத்துப்போனால் கண்ணீர் அஞ்சலிக்கும் பிளக்ஸ். இதற்கு மட்டும் ஏன் கூடாது? பைல் நாட்டுக்குப் போய், ஆபீஸ் கோப்புக்கு வேண்டும் என்று சொல்லிப் பிள்ளையைப் படம் பிடித்தேன். அந்த அம்மா அவசர அவசரமாகத் தலைவாரி, கனகாம்பரம் வைத்து நிறுத்தினார். பராமரிப்பில் இருக்கிற பிள்ளையின் முகத்தை எங்கேயும் காட்டக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை மற்றவர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்கிறவளே நான்தான்.

"எனக்கு ஒரு வீடு கிடைத்தது. என்னைப் போன்ற பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்." வாசகம் என்னுடையது. மூன்று முறை படித்துப் பார்த்தேன், மூன்று முறையும் கண் கலங்கியது. பிளக்ஸ் கடைக்காரர், "உங்க போட்டோ இல்லீங்களா?" என்று கேட்டார். ஓரத்தில் கைகூப்பின படம் இல்லாத பிளக்ஸை அவர் அடித்ததே இல்லையாம். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே செல்போனில் நல்ல படமாகத் தேடிக் கொடுத்தேன்.

கூட்டம் நான் நினைத்ததைவிட அதிகமாகவே கூடியது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் நேராக அந்தப் படத்தின் முன்னால்தான் இறங்கினார்கள். நான் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாழைத்தார் ஏற்றின ஜீப் ஒன்று வந்து நின்றது. அந்தப் புருஷனும் பெண்சாதியும் இறங்கினார்கள். பின்னாலேயே பிள்ளையும் இறங்கியது. சந்தைக்கு அவர்கள் வருவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மலையில் இருக்கிறவர்கள் சந்தை நாளில் வேறு எங்கே போவார்கள்?

படத்துக்குக் கீழே அவள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், இவளைப் பார்த்தார்கள். "இது நீதான புள்ள? அப்ப அவிய உன்ற பெரியம்மா இல்லியா?" என்று ஒருத்தி கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பிள்ளை ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டது.

பெரியம்மாவின் புருஷன் சாக்கிலிருந்து கொடுவாளை எடுத்தார். "கயித்தை அறுத்துட்றனுங்க டீச்சர்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் சொன்னது இதுதான்: "கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க. நாமக்கல்லுல இருந்து அதிகாரி வந்துட்டு இருக்காரு. அவர் பாத்ததும் நானே கழட்டீர்றேன்."

அவர் கொடுவாளைத் திரும்பச் சாக்கில் வைத்தார். டீச்சர் என்று கூப்பிட்ட வாயால் என்னை எதிர்த்துப் பேச அவருக்கு வரவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பிள்ளை வாழைத்தார்களுக்கு நடுவே, பெரியம்மாவின் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் மைக்கில் பேசினேன். பிள்ளைகளுக்கும் மானம் உண்டு, அதைக் காப்பாற்றுவது நம் கடமை என்று பேசினேன். கைதட்டினார்கள். பேசி முடித்த பிறகு போன் வந்தது. அதிகாரிக்கு வேறு வேலையாம், வரவில்லையாம்.

பிளக்ஸை நானே கழற்றிச் சுருட்டினேன். அதற்குள் ஜீப் கிளம்பிப் போயிருந்தது.

பத்து நாள் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்று தகவல் வந்ததும் போனேன். கையில் பிஸ்கட் பொட்டலம் வேறு. பெரியம்மா வாசலில் மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். "தெரியாம நடந்துபோச்சுங்க" என்றேன். தெரியாமல் எங்கே நடந்தது? அதற்கும் அவர் "பரவால்லீங்க" என்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

பிள்ளை என்னிடம் நேராகக் கேட்டது. "வேற ஊடு இருக்குதுங்களா டீச்சர்? என்னை யாருக்கும் தெரியாத ஊருல?"

"இங்க யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா கண்ணு?"

"யாரும் ஒண்ணும் சொல்றதில்லீங்க. எல்லாரும் பாவம்ங்கறாங்க."

பெரியம்மாவின் கை நின்றுவிட்டது. "எங்க மேல ஏதாச்சும் கொறைங்களா சாமி?" என்று கேட்டார்.

"இல்லீங்க பெரியம்மா" என்றது பிள்ளை. அப்போதும் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டது.

நானும் அலுவலகத்தில் இருக்கிறவர்களும் எவ்வளவோ பேசிப் பார்த்தோம். பிள்ளை மாறவில்லை. பிள்ளையின் விருப்பத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பதால், அடிவாரத்துக்கு அப்பால் தள்ளி ஒரு ஊரில் வேறு குடும்பம் ஏற்பாடானது. நல்ல குடும்பம்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வீடு கிடைத்திருந்தது. நான்தான் அதைப் பிடுங்கினேன். இதை வேறு எப்படி எழுதினாலும் பொய்.

கையெழுத்து வாங்க நான் போனபோது பிள்ளை உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தது. தாளில் மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு இடம் உண்டு. பஸ்ஸிலேயே அதை நிரப்பியிருந்தேன்.

"என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுக் காட்டுங்க டீச்சர்" என்றார் பெரியம்மா.

"படிப்பு வசதிக்காக" என்று படித்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அதுதான் காரணமுங்களா?"

"பொதுவா அப்படித்தானுங்க எழுதறது."

சரிங்க என்று பேனாவை வாங்கி, மெதுவாகத் தன் பெயரை எழுதினார். தாளை என்னிடம் நீட்டும்போது, "வேற புள்ளைக்கு ஊடு வேணும்னா சொல்லியனுப்புங்க. நாங்க வெச்சுக்கறோம். யாருன்னு மட்டும் ஊருக்குச் சொல்லீராதீங்க" என்றார்.

நான் அந்த இடத்திலேயே தாளைக் கிழித்துப்போட்டு, உண்மைக் காரணத்தை எழுதியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அப்படியே பையில் வைத்துக்கொண்டேன்.