மாமாவும் பதின்மூன்று புள்ளி இரண்டும்

மாமா வண்டியைச் சரிவில்தான் நிறுத்துவார். பள்ளிக்கூட நாளிலிருந்து அக்கா மகள் கவனித்துவந்த பழக்கம் அது. கல்யாண வீடோ சாவு வீடோ, வண்டியின் மூக்கு கீழ்நோக்கி நிற்க இடம் கிடைக்கும்வரை தெருத்தெருவாகச் சுற்றுவார். பேட்டரி கைவிட்டால் உருட்டிக் கிளப்பலாம் என்ற முன்யோசனை. பெண் பார்க்கப் போனபோதுகூட முதலில் விசாரித்தது தெரு மேடா பள்ளமா என்றுதான் என அவளுடைய அம்மா இன்றைக்கும் தம்பியின் காலை வாருவாள்.

ஆஸ்பத்திரி ஒப்பந்தம் கிடைத்ததும் வந்தது வினை. டயாலிசிஸ் நோயாளிகளைக் கொண்டுபோய், நாலு மணி நேரம் காத்திருந்து, திரும்ப வீட்டில் விட வேண்டும். அந்த வளாகமோ தட்டு மாதிரி சமதளம். காத்திருக்கும்போது மாமாவுக்கு ஃபேன் ஓட வேண்டும், குட்டி ஃபிரிட்ஜ் ஓட வேண்டும், பாட்டு ஓட வேண்டும். கடைசியில் வண்டி மட்டும் ஓடாது. இருமுறை தாமதமாகிவிட்டது. இன்னொரு முறை என்றால் வேறு வண்டி என்று டிராவல்ஸ் அலுவலகம் கறாராகச் சொல்லிவிட்டது.

குடும்பத்தின் முதல் இன்ஜினியர் அவள். எட்டு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். "ஃபேனை நிறுத்துங்க மாமா" என்று சொன்னால் கேட்கிற மனிதராக இருந்திருந்தால் அவள் படிப்புக்கே வேலை இருந்திருக்காது. தீப்பெட்டி அளவு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றை எடுத்தாள். பேட்டரியின் வோல்ட்டேஜை அது நேராகத் தாங்காது என்பதால் இரண்டு ரெசிஸ்டர் வைத்துக் கால்பங்காகக் குறைத்துக் காட்டினாள். பன்னிரண்டு புள்ளி மூன்று வோல்ட்டுக்குக் கீழே போனால் ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் விழுந்து ஃபேனையும் ஃபிரிட்ஜையும் வெட்டிவிடும்.

"மாமா, ரெண்டு நாள் வாசல்லயே வச்சுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

"நீ செஞ்சதுக்கு என்ன பாப்பா சோதனை!"

மறுநாளே மாட்டிக்கொண்டு போனார். மதியம் போன் வந்தது.

"உன் பெட்டி ஓயாம உழைக்குது பாப்பா. ரெண்டு மணி நேரமா டிக் டிக்னு!"

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஃபேன் நின்றதும் பேட்டரி சற்றே தேறும். தேறியதைப் பார்த்ததும் போர்டு ஃபேனை மறுபடி போட்டுவிடும்; இப்படியே போட்டுப் போட்டுப் பேட்டரி தீர்ந்துவிடும். இதற்குப் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. தேர்வில் அதை எழுதிப் பதினாறுக்குப் பதினைந்து வாங்கியிருந்தாள்.

"வயரைப் பிடுங்குங்க மாமா!"

பிடுங்கினார். வண்டி கிளம்பவில்லை.

மாலையில் மாமாவே நடந்ததைச் சொன்னார். அன்றைய நோயாளி ஓய்வுபெற்ற வாத்தியார். டயாலிசிஸ் ஊசி எடுத்த கையில் கட்டோடு அவரை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்துவிட்டு மாமாவும் காவலாளியும் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறார்கள். டாஷ்போர்டில் போன் அடிக்க, வாத்தியார் எடுத்திருக்கிறார். அலுவலகம்தான், ஏன் தாமதம் என்று.

"டாக்டர் என்னை விடலம்மா. டிரைவர் தம்பி பாவம், எனக்காகக் காத்துக் கிடக்கார்."

"டாக்டர் தலையில போட்டுச் சமாளிச்சிட்டோம்ல!" என்று மாமா தொடையைத் தட்டினார்.

"சமாளிச்சிட்டோமா? வாத்தியாருக்கு நன்றி சொன்னீங்களா?"

"மூச்சு வாங்கிச்சு பாப்பா. நாளைக்குச் சொல்லிடறேன்."

அன்றிரவே அவள் இரண்டாவது எண்ணைச் சேர்த்தாள். பன்னிரண்டு புள்ளி மூன்றில் வெட்டினால், பதின்மூன்று புள்ளி இரண்டு வந்தால்தான் மறுபடி போடும். என்ஜின் ஓடிச் சார்ஜ் ஏறினாலொழிய அது வராது. அதன்பின் வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை, ஒப்பந்தமும் போகவில்லை. வாத்தியார் வாரம் மூன்று நாள் பின்சீட்டில் ஏறுகிறார். அக்கா மகளின் பெட்டியைப் பற்றி மாமா அவரிடம் வழியெல்லாம் அளக்கிறார். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. அந்த நன்றி மட்டும் இன்னும் பாக்கி.