நாய்க்காரர்கள் காட்டித் தந்த கரை

எனக்கு நாய் என்றால் பயம். ஆனால் டென்மார்க்கில் படம் எடுக்க நல்ல இடங்களை எனக்குக் காட்டித் தந்தவர்கள் எல்லாரும் நாய்க்காரர்கள்தான். சும்மா போய்க் கதை கொடுத்தால் இந்த ஊர் ஆட்கள் வெயில் மழையோடு நிறுத்திக்கொள்வார்கள். நாயைப் புகழ்ந்தால் வாய் திறப்பார்கள். நான் நாலடி தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அருமையான நாய் என்பேன். பிறகு மான் எந்தக் காட்டோரம் வரும், நரி எந்த வயலில் குட்டி போட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாக வரும். இணையத்தில் தேடிப் போன இடங்களில் நான் கண்டதெல்லாம் என்னைப்போலக் கமராவோடு நின்றவர்களைத்தான்.

அந்த ஜூன் மாதம் நாங்கள் இருக்கும் டோஸ்ட்ருப்பிலிருந்து மேற்குக் கரைக்கு ஒரு கிழமை விடுமுறையில் போயிருந்தோம். நான், மனைவி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள். முதல் நாளே கார் நிறுத்துமிடத்தில் கொழுத்த மண்ணிற நாயோடு ஒரு பெண் அகப்பட்டாள். வடக்கே மணல்மேட்டைத் தாண்டினால் ஆட்கள் போகாத கரை ஒன்று இருக்கிறது, கடல்நாய்கள் அங்கே ஏறிப் படுக்கும் என்றாள். தூரத்தில் நின்று பாருங்கள் என்றும் சொன்னாள். எனக்கு வேண்டியது மட்டும் என் காதில் ஏறியது.

மறுநாள் காலை மூவரும் போனபோது கரையில் ஒரேயொரு குட்டிதான் கிடந்தது. சாம்பல் நிறம், ஈரக் கண்கள். தாயைக் காணவில்லை. இடைக்கிடை அது அனுங்கியது, கைக்குழந்தை அனுங்குவதுபோலவே. நான் பத்தடி தூரத்தில் குப்புறப் படுத்து, வெட்கமில்லாமல், இருநூறு படமாவது எடுத்திருப்பேன்.

எழும்பிப் பார்த்தால் என் மனைவி குடையை விரித்துக் குட்டிக்கு நிழல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கடற்காகங்கள் வந்தால் மறுகையால் துரத்துகிறாள். சாப்பாட்டுப் பெட்டியில் மீன் பொரியல் இருந்தது. அதைக் கொடுக்கலாமா என்று யோசித்து, மிளகாய்த்தூள் போட்டது சின்னனுக்குக் கூடாது என்று தானே விட்டுவிட்டாளாம். வெயில் ஏறியது. போவோம் என்றேன்.

"தாய் வரட்டும், நான் இருக்கிறன். தனிய விட்டுட்டுப் போக என்னாலை ஏலாது."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். மகளுக்குப் பத்து மாதமானபோது இவள் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். விடியக் காலையில் பிள்ளை பார்க்கும் பெண்ணின் வீட்டில் இறக்கிவிட, கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளை கத்தும். இவள் காருக்குள் இருந்து அழுவாள். ஒரு நாள் அடுத்த முறை வேலைக்கு ஆள் வராததால் இவளை வேலையில் மறித்துவிட்டார்கள். இரண்டு மணித்தியாலம் பிந்திப் போனபோது, பிள்ளை போட்ட சப்பாத்தோடு வாசலில் நித்திரையாகிக் கிடந்தது. அதை இவள் தனக்கு மன்னிக்கவே இல்லை. அவளைத் தேற்ற எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அந்த நேரம்தான் நேற்றைய நாய்க்காரி மேட்டில் தெரிந்தாள். நாயை இழுத்துப் பிடித்தபடி, கிட்ட வராமலே, வந்துவிடுங்கள் என்று கையைக் காட்டினாள். நானும் மகளும் ஏறிப் போனோம், மனைவி மட்டும் அசையவில்லை. தாய் மீன் பிடிக்கப் போயிருக்கிறது, நீங்கள் அங்கே நிற்கும்வரை அது கரையேறாது, பால் இல்லாமல் குட்டி செத்துவிடும் என்றாள் நாய்க்காரி. கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் சுட்டது. நான் கமராவின் திரையில் படங்களைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூடக் குட்டி என்னைப் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் அது கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மகள் இறங்கிப் போய் விஷயத்தைத் தாயிடம் சொன்னாள். நானும் பின்னால் போனேன். மனைவியின் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் கால் எழும்பவில்லை. விட்டுவிட்டுப் போய், தாய் வராவிட்டால்? வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிறவள் மகள். அன்று தாயின் கையிலிருந்த குடையை வாங்கி மடக்கிவிட்டு, தமிழில், சொல்லைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"நானும் தனிய இருந்தனான்தானே, அம்மா. ஒவ்வொரு நாளும் நீங்கள் வந்தனீங்கள்."

மூவரும் மேட்டுக்கு ஏறி, புல்லுக்குள் படுத்தோம். நாய்க்காரி போய்விட்டாள். சோற்றுப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. மனைவி வாய்க்குள் பிள்ளையாருக்கு ஏதோ நேர்ந்துகொண்டிருந்தாள். ஒரு மணித்தியாலம் போனது, இன்னொன்றும் போனது. பிறகு அலைக்குள் ஒரு கறுப்புத் தலை எழுந்தது. தாழ்ந்தது. இன்னும் கிட்ட எழுந்தது. தாய் வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து மணலில் ஏற, குட்டி கத்திக்கொண்டு போய் ஒட்டிக்கொண்டது.

அப்போது நான் எடுத்து, சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தில் இரண்டு புள்ளிகள்தான் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணாடியில் ஊத்தை என்று நினைத்துத் துடைக்கப் பார்க்கிறார்கள். எந்தக் கரை என்று கேட்டால் நாங்கள் சொல்வதில்லை.

அன்று மனைவி கண்ணைத் துடைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"பாவம், நேரத்துக்கு வந்திருக்கும்," என்றாள். "நாங்களெல்லே மறிச்சுப்போட்டம்."