கரைக்கு வெளியே ஒரு உள்ளான்

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் ஜோதியம்மாளின் வீடு. சிறுபிள்ளையில், பிறந்த ஊர் ஏரி உடைந்து தம்பியை வாரிக்கொண்டு போனதைப் பார்த்தவள். மழைக்காலம் வந்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. போன வருசம் கரையில் ஈரம் கண்டு, "ஏரி போச்சு!" என்று அலறினாள். ஊரே மண்வெட்டியோடு ஓடிவந்தது. வெறும் மழைத்தண்ணீர். அப்புறம் அவள் வாயைத் திறந்தாலே சிரிப்புதான்.

இந்த வருசம், 1961-ல், திருவண்ணாமலை தீபத்துக்கு ஊர் வண்டி கட்டிக் கிளம்பிக்கொண்டிருந்தது. மழை விட்டு ஒரு வாரமிருக்கும். ஏரி மட்டும் தளும்பி நின்றது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனவள், கரைக்கு வெளிப்பக்கம், கடலை பிடுங்கிக் காய்ந்து கிடந்த கொல்லையோரத்தில் ஒரு பறவையைக் கண்டு நின்றாள்.

வாலாட்டிக்கொண்டு ஓடும் சின்ன உள்ளானா? அதுவென்றால் பயமில்லை, காய்ந்த தரையிலும் பூச்சி பொறுக்கும். இது ஓடவில்லை. உடம்புக்குப் பொருந்தாத நீள அலகு, தலையில் வெளிறிய கோடுகள், முதுகு காய்ந்த புல் நிறம். கோரை உள்ளான்! கோரைச் சேற்றுக்குள் பதுங்கியே கிடக்கிற பறவை. அலகை முழுசாக இறக்கிப் புழு எடுக்க அதற்குக் குழைந்த சேறு வேண்டும். இங்கே சேறு ஏது?

கிட்டப் போனதும் அது கிறீச்சிட்டு வளைந்து வளைந்து பறந்தது. அவள் கால் கணுக்கால்வரை புதைந்தது. ஊறிவந்த தண்ணீர் தெளிவாக இல்லை, செம்மண் கலங்கலாக வந்தது. உள்ளே கரை கரைகிறது.

ஓடினாள். கிளம்ப நின்ற வண்டியருகே போய் நின்றாள்.

"இன்னாடி, மறுபடி ஏரி போச்சா?" என்றான் புருசன் சகாதேவன். வண்டியே சிரித்தது.

"தெரியலங்க... கோரை உள்ளான் கரைக்கு வெளியே நோண்டுது. தண்ணி செவசெவன்னு வருது. வந்து பாத்துட்டுச் சிரிங்க."

மடை பார்க்கும் வேடியப்பன் மட்டும் இறங்கி அவளோடு போனான். பார்த்தவன் அவளிடம் திரும்பிக் கத்தினான்: "எல்லாரையும் வரச் சொல்லு!"

ஊரார் மடையைத் திறந்து தண்ணீரைக் குறைத்துவிட்டு, ஏரிக்குள் முங்கி ஓட்டையைத் தேடினார்கள். நண்டு வளை ஒன்று, கை நுழையுமளவு அகன்றிருந்தது. வைக்கோலும் களிமண்ணும் உருட்டி அடைக்க அடைக்க, வெளிப்பக்கம் கரையில் ஒரு துண்டு சரிந்து விழுந்தது. ஜோதியம்மாள் மண் சுமந்தாள். பொழுது சாயும்போதுதான் கசிவு அடங்கியது.

"வா, வூட்டுக்குப் போலாம்," என்றான் சகாதேவன்.

"நீங்க போங்க. நின்னுச்சான்னு பாத்துட்டு வரேன்."

அவன் போகவில்லை. துண்டை விரித்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

தை பிறந்ததும் மேட்டுத்தெருவுக்குக் குடிமாறினார்கள். மாறிப் போகலாம் என்று கேட்டது அவளல்ல, சகாதேவன்தான்.