புகையக்காவும் மூச்சுவிட்ட வாயுவும்

வானியல் துறையில் புகையக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம் ஆகி, பெற்ற பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்த பிறகும், ஜன்னலைத் திறக்க முடியாத ஓர் அறையில் மாங்கு மாங்கென்று வாயுவையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அவள் பார்ப்பது தொலைதூர விண்மீன் திரள் ஒன்றின் நடுப்பகுதியை. அங்கே ஒரு ராட்சதக் கருந்துளை, அதைச் சுற்றிச் சூடேறி ஒளிவிடும் வாயு. அந்த ஒளி நீலப் பக்கம் நகர்ந்தால் வாயு நம்மை நோக்கி வருகிறது, சிவப்புப் பக்கம் நகர்ந்தால் விலகிப் போகிறது. இவளுடைய வாயுவோ ஒரு சமயம் வேகம் கூடும், ஒரு சமயம் குறையும், மூச்சு விடுவது போல. இப்படி ஒன்றை இதுவரை யாரும் கண்டதில்லை, பேராசிரியர் குதிக்காத குறைதான்.

"சாதிச்சிட்டேம்மா! ஆய்வேட்டைக் குடுத்துட்டு மூட்டையைக் கட்டு."

மூட்டை எப்போதோ கட்டியாகிவிட்டது. கணவனும் மகளும் இருக்கும் ஊரில் ஒரு கல்லூரி வேலை காத்திருந்தது. பட்டம் கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை பதிவுகளுக்குத் தேதி போடாமல் வரிசை எண் போட்டே வரைந்த வேகப் படத்தில், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மாதங்களை எழுத உட்கார்ந்தாள். எழுதி முடித்துப் படத்தை மறுபடி பார்த்தாள். எந்த வருடமானாலும் மார்ச்சில் வேகம் கூடுகிறது, செப்டம்பரில் குறைகிறது. கோடானுகோடி மைல் தள்ளி இருக்கிற வாயுவுக்கு நம் மார்ச் எப்படித் தெரியும்?

பூமி சூரியனைச் சுற்றுகிறது அல்லவா, அதனால் தொலைநோக்கியும் பாதி வருடம் அந்தத் திரளை நோக்கிப் போகிறது, பாதி வருடம் விலகுகிறது. அந்த வேகத்தைக் கழிக்க வேண்டும். அவளும் கழித்திருந்தாள். ஆனால் தொலைநோக்கிக்காரர்கள் ஏற்கெனவே அதைக் கழித்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள்; இவள் கழித்தது இரண்டாம் தடவை. கண்றாவி! பூமியின் ஓட்டத்தைத் தூக்கி அந்த அப்பாவி வாயுவின் தலையில் கட்டியிருக்கிறாள். திருத்தியதும் வாயு பேச்சுமூச்சில்லாமல் ஒரே வேகத்தில் போனது.

கணவனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"வேற யாருக்காவது தெரியுமா?" என்றான் அவன்.

"எனக்குத் தெரியுதே."

"நீ வாயைத் திறக்கலேன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. எவன் அங்க போய்ப் பாக்கப் போறான்? பேசாம வந்துடு. என்னால ஒண்டியா முடியல."

அவளுக்கும் வாயை மூடிக்கொள்ளத்தான் ஆசை. ஐயோ, எவ்வளவு ஆசை! ஆனால் நாளைக்குக் கல்லூரியில் இதே கழித்தலைப் பிள்ளைகளுக்கு எந்த முகத்தோடு சொல்லிக்கொடுப்பது? எழுந்து போய்ப் பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள்.

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்மா. அந்த வேலை உனக்காக நிக்காது."

"தெரியும் சார்."

அறைக்குத் திரும்பி மறுபடி போனை எடுத்தாள். இந்தத் தடவை மகளைக் கூப்பிடச் சொன்னாள். அழுவாள், கத்துவாள், எல்லாவற்றுக்கும் ஒரு பதில் யோசித்து வைத்திருந்தாள்.

"கண்ணு, அம்மாவால இப்ப வர முடியாதுடா."

"பரவாயில்லம்மா," என்றாள் மகள். "நீ வருவேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல."